பாலிக்கு அம்மாவையும் அழைத்துப் போகிறோம்: கோயில், சாப்பாடு, தங்குமிடம் பற்றிச் சொல்லுங்கள்

தாமிரபரணி | பிப்ரவரி 11, 2025

வணக்கம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் எட்டு நாள் பாலிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், அப்புறம் என் அம்மா.

அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் வலி உண்டு, ஆனால் மெதுவாக நடந்துவிடுவார். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. வந்தாலும் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். "ஆச்சி, அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு கோயில் இருக்காம்" என்று மகள் சொன்னதும்தான் பாஸ்போர்ட் எடுக்கவே சம்மதித்தார். அதனால் இந்தப் பயணம் அவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

எந்த ஊரில் தங்குவது? சுத்த சைவம் கிடைக்குமா? அம்மா கேட்பது: கோயிலில் நன்றாகச் சாமி பார்க்க முடியுமா, கற்பூரம், ஊதுபத்தி எடுத்துவரலாமா?

சிங்கைவாசி | பிப்ரவரி 11, 2025

தங்கை, நான் ஆறு முறை போயிருக்கிறேன். முதலில் தேதியைப் பார்ப்போம். ஏப்ரல் 23 புதன்கிழமை கலுங்கான். மே 3 குனிங்கான். பாலியின் மிகப் பெரிய பண்டிகை இது. முன்னோர்கள் தம் வீடுகளுக்கு இறங்கி வந்து பத்து நாள் தங்கிவிட்டுத் திரும்புவதாக நம்பிக்கை. நம் மகாளய பட்சத்தையும் பொங்கலையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பென்ஜோர் நடுவார்கள். ஆளுயரத்துக்கு மூன்று நான்கு மடங்கு உயர மூங்கில், நுனி வளைந்து தெருவைப் பார்த்துத் தொங்கும். நெல், தேங்காய், குருத்தோலை எல்லாம் கட்டியிருப்பார்கள். தெரு முழுக்க அப்படி நிற்பதைப் பார்க்கவே போகலாம்.

இது 210 நாள் கொண்ட பவுக்கோன் என்ற நாட்காட்டியின்படி வருவது. அதனால் ஒவ்வொரு வருடமும் தேதி மாறும், சில வருடம் இரண்டு முறைகூட வரும். உங்களுக்குத் தானாகவே அமைந்திருக்கிறது, விடாதீர்கள். ஆனால் 22ஆம் தேதி பண்டிகைக்கு முந்தின நாள், வீட்டுக்கு வீடு பன்றி அறுப்பார்கள். அன்று காலை ஊருக்குள் சுற்றாமல் இருந்தால் அம்மாவுக்கு நல்லது. 23, 24 இரண்டு நாளும் ஓட்டுநர்கள் பலர் குடும்பத்தோடு இருப்பார்கள். வண்டியை முன்பே பேசி வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மார்ச் 29 ஞெப்பி, அவர்களுடைய சக வருடப் பிறப்பு. நம் யுகாதியை ஒட்டி வரும். அன்று 24 மணி நேரம் விளக்கில்லை, வேலையில்லை, வெளியே நடமாட்டமில்லை. விமான நிலையமே மூடியிருக்கும், கைபேசி இணையமும் நிற்கும். தெருவில் பெச்சாலாங் என்ற ஊர்க்காவலர்கள் மட்டும் சுற்றுவார்கள். அந்த நாளில் விமானச் சீட்டு போட்டுவிடாதீர்கள்.

தங்க உபுத்தில் ஐந்து இரவு, சானூரில் இரண்டு இரவு. உபுத்தில் ஹோட்டல் வேண்டாம். குடும்பம் வாழும் வீட்டு வளாகத்துக்குள்ளேயே அறை விடுவார்கள், அதை எடுங்கள். அந்த வளாகத்தின் ஒரு மூலையில் அந்தக் குடும்பத்தின் கோயில் இருக்கும். காலையில் எழுந்ததும் பூஜை கண்முன் நடக்கும். சானூர் அமைதியான கடற்கரை. பவளப்பாறைத் திட்டு அலையைத் தடுப்பதால் சின்னவர் பயமில்லாமல் குளிக்கலாம், அம்மா நடக்க ஓரமாகத் தளம் போட்ட பாதை உண்டு. குத்தா பக்கம் இந்தக் குடும்பத்துக்கு ஒத்துவராது என்பது என் கருத்து.

விசா அங்கே இறங்கியதும் கிடைக்கும். ஆளுக்கு 5,00,000 ரூபியா, நம் பணத்தில் சுமார் 2,700 ரூபாய். அதுபோக 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வரி 1,50,000 ரூபியா. இரண்டையும் இணையத்தில் முன்கூட்டியே கட்டிவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

மலைக்கோட்டை | பிப்ரவரி 12, 2025

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறார்கள், நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்காகத்தான் போனோம், ஏமாற்றத்தோடுதான் திரும்பினோம். பெசாகியில் ஒரு வழிகாட்டி வாசலிலேயே மறித்து, தான் கூட வராமல் உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லிப் பணம் வாங்கினார். உள்ளே போனால் முக்கியமான பிரகாரம் மூடியிருந்தது, கும்பிட வந்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். நாங்களும் கும்பிடத்தானே வந்தோம்? சுவருக்கு வெளியே நின்று கூரையைப் பார்த்துவிட்டு வந்தோம்.

லெம்புயாங்கில் மூன்று மணி நேரம் வரிசை. படங்களில் அந்தப் பிளந்த வாசலுக்கு முன்னால் தெளிந்த குளம் தெரியுமே, அங்கே குளமே கிடையாது. படமெடுப்பவர் கைபேசிக்கு அடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடிக்கிறார். முறை வந்ததும் இரண்டு நிமிடம், அடுத்த ஆள்.

வயதானவரை இதற்காக அலைக்கழிக்காதீர்கள். கடலுக்கும் மலைக்கும் போங்கள், கோயிலுக்குத் திருச்செந்தூர் போதும்.

சிங்கைவாசி | பிப்ரவரி 12, 2025

உங்கள் மனவருத்தம் புரிகிறது. கண்ணாடித் துண்டு விஷயம் முழு உண்மை. லெம்புயாங்கை நானும் யாருக்கும் சொல்வதில்லை.

ஆனால் மூடிய கதவைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கோயில் என்றதும் கருவறையில் மூலவர் இருப்பார், திரை விலகினால் தரிசனம் என்று நினைக்கிறோம். பாலியின் கோயில், அவர்கள் அதைப் 'பூரா' என்பார்கள், அப்படிப்பட்டது அல்ல. ஒன்றன் பின் ஒன்றாக மூன்று திறந்த முற்றங்கள், சுற்றிலும் மதில். உள் முற்றத்தில் வரிசையாகப் பீடங்கள், ஓலைக்கூரை அடுக்கிய மேருக்கள். மற்ற நாட்களில் அங்கே பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். கோயில் பிறந்தநாள் அன்று, அதை ஒடாலான் என்பார்கள், தெய்வங்கள் இறங்கி வந்து அந்தப் பீடங்களில் அமர்கின்றன. நம் உற்சவர் மாதிரி சிறிய திருமேனிகள் உண்டு, அன்றைக்குத்தான் வெளியே எடுப்பார்கள். விழா முடிந்தால் தெய்வமும் புறப்பட்டுப் போகும். ஆக, நீங்கள் பார்க்க முடியாமல் போனது மூடி வைத்த சாமியை அல்ல, அன்று அங்கே சாமியே இல்லை.

எல்லாவற்றுக்கும் உயர்ந்த பீடம் பத்மாசனம். ஆமையும் நாகமும் சுற்றிய அடித்தளம், மேலே கல் நாற்காலி. அது காலியாக இருக்கும். சங் ஹ்யாங் விதி என்று அவர்கள் வணங்கும் பரம்பொருளுக்கான இருக்கை.

கும்பிட வந்தவர் என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? உடையில். இடுப்பில் கமென் என்ற வேட்டி, மேலே செலெந்தாங் என்ற கச்சை, ஆண்களுக்கு உடெங் என்ற தலைக்கட்டு, கையில் பூத்தட்டு. நாம் அரைக்கால் சட்டையோடு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் "நானும் இந்துதான்" என்றால் யாருக்குத் தெரியும்?

தங்கைக்கு: தெம்பசாரில் ஜகத்நாதா கோயில் இருக்கிறது. எந்த ஊர், எந்தக் குலம் என்ற பிரிவில்லாமல் எல்லோருக்கும் பொதுவானது, பெரிய பத்மாசனம். தங்கும் வீட்டுக்காரரிடம் அம்மா வழிபட விரும்புகிறார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர்களே உடை கட்டிவிட்டு அழைத்துப் போவார்கள், எனக்கு நான்கு முறை அப்படி நடந்தது. கற்பூரம், தேங்காய் எதுவும் வேண்டாம். அங்கே பூவும் தீர்த்தமும்தான்.

தாமிரபரணி | பிப்ரவரி 13, 2025

அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலி இருக்கை என்றதும் நிறுத்தச் சொன்னார். "சிதம்பரத்தில் திரையை விலக்கினால் வில்வமாலை மட்டும் தொங்குமே, அதுதானே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு கற்பூரப் பேச்சே எடுக்கவில்லை.

இன்னொரு சந்தேகம். மாதவிலக்கு நாளில் கோயிலுக்குள் வரக்கூடாது என்று பலகை இருக்குமாமே. மகள் இதைப் படித்துவிட்டுக் கோபமாக இருக்கிறாள்.

சிங்கைவாசி | பிப்ரவரி 13, 2025

ஆமாம், பலகை இருக்கும். வீட்டில் சாவு நடந்து தீட்டுக் கழியாதவர்களும், உடம்பில் இரத்தக் காயம் உள்ளவர்களும்கூட வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மகளின் கோபம் நியாயமானது, அதை அடக்கச் சொல்ல மாட்டேன். யாரும் சோதிக்கப்போவதில்லை. விருந்தாளியாகப் போகிறோம், அவர்கள் வழக்கத்தை மதிப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

உங்கள் அம்மா கேட்டதற்கு என்னை விடப் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பீடத்தின் முன்னால் நிற்கும்போது இனி எனக்கும் அந்த வில்வமாலை நினைவு வரும்.

அடுப்பங்கரை | பிப்ரவரி 14, 2025

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். பாலி இந்துக்கள் பெரும்பாலும் அசைவம். இந்து ஊர் என்பதால் சைவம் தானாகக் கிடைக்கும் என்று நம்பிப் போய் நாங்கள் முதல் இரண்டு நாள் பழமும் ரொட்டியும் தின்றோம். உண்மையில் அவர்கள் சமையலில் சைவத்துக்கு நல்ல இடம் இருக்கிறது, கேட்கத் தெரிய வேண்டும்.

தெம்பே, தாஹு (டோஃபு) இரண்டும் எங்கும் கிடைக்கும். தெம்பே என்பது சோயாவைப் புளிக்க வைத்துக் கட்டியாக்கியது. மெல்லியதாகச் சீவி மொறுமொறுவென்று பொரித்துத் தந்தால் என் மாமியாரே இரண்டாம் முறை கேட்டார். கடோ கடோ, வேகவைத்த காய்கறிமேல் நிலக்கடலைச் சாறு. சாயுர் உராப், நம் பொரியல் போலத் தேங்காய்த் துருவல் போட்டது. தொல்லை எல்லாம் தெராசியில்தான். இறால் புளித்த விழுது அது. சம்பலில், சில சமயம் நிலக்கடலைச் சாற்றில்கூடக் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "தான்பா தெராசி, தான்பா இகான்" என்று சொல்லுங்கள். தான்பா என்றால் இல்லாமல், இகான் என்றால் மீன். தட்டோரம் வைக்கும் அப்பளம் மாதிரியான குருப்புக்கும் பல இடத்தில் இறால் போட்டது. லாவார் என்று ஒன்று பார்க்கக் காய்கறிக் கூட்டு மாதிரியே இருக்கும். அதில் இறைச்சியும் பலசமயம் இரத்தமும் உண்டு. தொடவே வேண்டாம்.

உபுத்தில் சைவ உணவகங்கள், இந்தியக் கடைகள் நிறைய. நாள்பூரா வெளியே சுற்றும் நாளில்தான் சிக்கல். புளியோதரைப் பொடியும் ஒரு சின்ன மின்குக்கரும் எடுத்துப் போங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

சொல்ல மறந்தேன். சந்தையில் அரிசி மாவில் பஞ்சு போல ஒரு பலகாரம் விற்பார்கள், பெயர் அபெம். நம் அப்பம்தான். கப்பலுக்குக் கபால், பெட்டிக்குப் பெத்தி, கடைக்குக் கெடாய். எனக்கு அங்கே கேட்கும் இடமெல்லாம் காது நின்றது.

கடைமடை | பிப்ரவரி 16, 2025

நான் தஞ்சை மாவட்டத்து விவசாயி. போன வருடம் மகன் அழைத்துப் போனான். கோயிலை விட எனக்கு வயல்தான் பேச்சாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எல்லோரும் தெகல்லாலாங் படிக்கட்டு வயலில் ஊஞ்சலாடிப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் ஜதிலுவி போங்கள். மலைச்சரிவு முழுக்க நெல், அடுக்கடுக்காக. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த இடங்களில் ஒன்று. ஆனால் அவர்கள் அறிவித்தது அழகுக்காக மட்டும் இல்லை, சுபாக் என்ற முறைக்காக.

ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் விவசாயிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சுபாக். அதற்குத் தலைவர் உண்டு, கூட்டம் உண்டு, அபராதம் உண்டு. மதகில் கதவு இல்லை. குறுக்கே ஒரு மரக்கட்டை, அதில் வெட்டிய பள்ளங்கள். யாருக்கு எவ்வளவு வயலோ அதற்குத் தகுந்த அகலம். தண்ணீர் தானே பிரிந்து போகிறது. எங்கள் ஊரில் தண்ணீரைப் பிரித்துவிட நீர்க்கட்டி என்ற ஆள் இருந்த காலத்தை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அங்கே அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒவ்வொரு மடைக்கும் ஒரு கோயில். வாய்க்கால் தலைப்பில் அதைவிடப் பெரிய கோயில். மேலே பத்தூர் ஏரியைப் பார்த்த மலை விளிம்பில் எல்லாவற்றுக்கும் தலைக்கோயில். நடவு எப்போது, எந்தப் பகுதி வயலைத் தரிசு போடுவது என்பதெல்லாம் இந்தக் கோயில்களில் கூடித்தான் முடிவாகிறது. 1970களில் அரசு வந்து, கோயில் கணக்கெல்லாம் வேண்டாம், புதிய ரகத்தை இடைவெளி இல்லாமல் நடுங்கள் என்றது. ஒரு சில போகத்திலேயே புகையான் பூச்சி வந்து வயல் வயலாகக் கருகிப்போனது. ஏன்? ஒரு பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் அறுத்துத் தரிசு கிடந்தால் பூச்சிக்குத் தின்ன எதுவும் கிடைக்காது, செத்துவிடும். அவரவர் இஷ்டத்துக்கு நட்டால் பக்கத்து வயலுக்குத் தாவித் தாவிப் பிழைக்கும். எல்லோரும் ஒரே நாளில் நட்டாலோ தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவைத்தான் கோயில் வைத்திருந்தது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியல் ஆய்வாளர் கணினியில் மாதிரி போட்டுப் பார்த்து இதை நிறுவினார். பிறகு அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

வரப்பு ஓரம் நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்கு ஓலைக்கூரை போட்ட சின்ன மாடம் இருக்கும். நான் போனபோது ஒரு பாட்டி அதில் நான்கு பூவும் ஒரு பிடி சோறும் வைத்துவிட்டுக் களை பறிக்க இறங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடிமராமத்தை நாம் எப்படிக் கைவிட்டோம் என்றுதான் ஊர் திரும்பும்வரை யோசித்தேன்.

அம்மாவுக்கு நடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, சாலையோரம் உட்கார்ந்தே பார்க்கலாம்.

மலைக்கோட்டை | பிப்ரவரி 16, 2025

ஐயா, இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஊஞ்சலோடு திரும்பியவர்கள். பெசாகி வாசலில் நடந்ததை என்னால் மறக்க முடியாது, அது தவறுதான். ஆனால் என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் போனது எங்கள் தவறு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிங்கைவாசி | பிப்ரவரி 18, 2025

தங்கைக்குத் திட்டம் இது. 22 மாலை வந்து இறங்கி நேராக உபுத். 23 எங்கும் போகாதீர்கள், வீட்டுக் கலுங்கான். 24 ஊருக்குள் நடை. இந்தப் பத்து நாளும் சிறுவர்கள் பாரோங் என்ற சிங்கம் போன்ற காவல் தெய்வத்தின் வேடத்தைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு வீதி வீதியாக வருவார்கள், சின்னவருக்குப் பிடிக்கும். 25 காலை எட்டு மணிக்கே தீர்த்த எம்புல். 962இல் எழுந்த ஊற்றுக் கோயில், கல்வாய்களிலிருந்து விழும் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தலை நனைப்பார்கள். சாவுச் சடங்குக்கான தாரைகள் இரண்டு உண்டு, அதில் தலை கொடுக்கக்கூடாது, அங்கே இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல் வழுக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே குனுங் காவி, பாறையைக் குடைந்து செதுக்கிய 11ஆம் நூற்றாண்டுச் சன்னிதிகள். ஆனால் ஏறி இறங்க முந்நூறு படி, அதனால் அம்மா மேலே இருக்கட்டும். 26 ஜதிலுவியும் பெரத்தான் ஏரிக் கோயிலும். 27 சானூர், வழியில் ஜகத்நாதா. 28 மாலை உளுவத்துப் பாறைமேல் கெச்சாக். வாத்தியமே கிடையாது. ஐம்பது அறுபது ஆண்கள் "சக் சக்" என்று குரலாலேயே ராமாயணம் நடத்துவார்கள், சூரியன் கடலில் இறங்கும் நேரம். குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பறிக்கும், கழற்றிப் பைக்குள் வையுங்கள். 29 கிளம்பலாம்.

ஓட்டுநரோடு வண்டி பத்து மணி நேரத்துக்கு 6,00,000 முதல் 8,00,000 ரூபியா. பணம் மாற்றும்போது கடைசியாக எண்ணுவது உங்கள் கையாக இருக்கட்டும். எண்ணி முடித்த கட்டைத் திருப்பித் தராதீர்கள்.

மகளுக்கு ஒரு சேதி: பெயர்ப்பலகைகளில் வளைந்த பாலி எழுத்தைப் பார்த்தால் நம் கிரந்தத்தின் சாயல் தெரியும். இரண்டுக்கும் மூலம் பல்லவர் எழுத்து.

தாமிரபரணி | மே 6, 2025

போய்வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜதிலுவி போகும் மலைப்பாதையில் மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். பெரத்தானை விட்டுவிட்டோம். உளுவத்தில் இவ்வளவு சொல்லியும் கணவரின் கண்ணாடியைக் குரங்கு கொண்டுபோனது, ஒருவர் பழம் கொடுத்து வாங்கித் தந்தார். மகளுக்குக் கெச்சாக் முடிந்தும் எழுந்துவர மனமில்லை.

கலுங்கான் அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு எங்கோ ஒலிபெருக்கியில் காயத்ரி மந்திரம் கேட்டு அம்மா எழுந்துவிட்டார். முற்றத்தில் அந்த வீட்டுப் பாட்டி குருத்தோலையில் சின்னச் சின்னத் தட்டு முடைந்துகொண்டிருந்தார். தினமும் வாசலிலும் அடுப்படியிலும் பூ வைத்துப் படைக்கும் சனாங் தட்டுதான். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து ஓர் ஓலையை எடுத்தார். நம் கோயில் தோரணத்துக்கு ஓலை மடித்த கைதானே, நான்காவது தட்டிலேயே பிடிபட்டுவிட்டது. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார்கள்.

அப்புறம் பாட்டியின் மருமகள் அம்மாவுக்குக் கச்சை கட்டிவிட்டு வீட்டுக் கோயிலுக்குள் கூப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டி, "நான் வரலை, நீ போ" என்றார். மருமகளுக்குப் புரியவில்லை. அரைகுறை ஆங்கிலத்தில், அப்பா இல்லை, எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் என்று விளக்கினேன். அவர் பாட்டியிடம் சொன்னார். பாட்டி தன்னையே தொட்டுக்காட்டி ஏதோ சொன்னார். பாட்டியின் கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறதாம், இந்த வீட்டுப் படையல் முழுக்க அவர் கையால்தான் நடக்கிறதாம். பூத்தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

விரல் நுனியில் பூவை வைத்துத் தலைக்கு மேல் கைகூப்பிக் கும்பிட்டோம். தீர்த்தம் தெளித்தார்கள், மூன்று முறை குடிக்கத் தந்தார்கள். கடைசியில் ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிவிடுவது அவர்கள் வழக்கம். பாட்டி அம்மாவின் நெற்றியில் ஒட்டினார். இரண்டு வருடமாக விபூதி தவிர எதுவும் ஏறாத நெற்றி. அன்று சாயங்காலம்வரை அம்மா அதைத் துடைக்கவில்லை, உதிர்ந்த நாலு மணியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஜகத்நாதாவில் காலி இருக்கையின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு அடுப்பங்கரை அக்கா சொன்ன "தான்பா தெராசி" எட்டு நாளும் காப்பாற்றியது. மின்குக்கரை வெளியே எடுக்கவே இல்லை, அந்த வீட்டிலேயே எங்களுக்கென்று தெம்பேயும் கீரையும் சமைத்துத் தந்தார்கள். ஐயா, ஜதிலுவியில் அந்த மரக்கட்டையைத் தேடிக் கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

அடுத்த கலுங்கான் எப்போது என்று நேற்று அம்மா கேட்டார். 210 நாளை எண்ணிப் பார்த்து நவம்பர் 19 என்றேன். சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைத் தேடி வட்டம் போட்டிருக்கிறார்.